அஞ்சரை மணி லைவ்

பொன்னுத்துரைகிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பீடி, பாக்கு, சீட்டாட்டம் ஒரு எழவும் கிடையாது. யாரு எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாம்"னு சொல்லிருவான். அம்புட்டுதான். அந்த ஒரு வார்த்தையால எங்க கம்பெனியில ஒரு பொம்பளைப் புள்ளையோட வேலை போகப் பாத்துச்சு. போக வைக்கிறதுக்கு நானும் கூட நின்னேன், அதையும் இப்பவே சொல்லிர்றேன்.

நான் சகாயசெல்வி. திண்டுக்கல் பைபாஸ்ல இருக்கிற ஒரு பூ, காய்கறி ஏற்றுமதிக் கம்பெனியில ஆபீஸ் கிளார்க். லீவு, வருகை, பி.எஃப்., மெமோ எல்லாம் என் மேஜை. இந்தக் கம்பெனியில யாரு மேல நடவடிக்கை எடுத்தாலும் முதல்ல என் விரல்தான் அசையணும். பதினெட்டு வருசமா அசைஞ்சுக்கிட்டு இருக்கு. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. சொல்றவங்க சொல்லிக்கிறட்டும், அவங்க மெமோவையும் நான்தான் அடிக்கணும்.

பொன்னுத்துரை அகரத்துக்காரன். வீட்டுல மல்லிகைத் தோட்டம், கொஞ்சம் வெங்காயம். காலேஜ்ல கணக்கு படிச்சுட்டு, கம்பெனி இன்னும் தகரக் கொட்டகையா இருந்த காலத்துல பில் போட வந்தான். வந்த மூணாம் நாள் முதலாளி மோகன்குமார் சார் அவனைக் கூப்பிட்டு, "ஏப்பா, எந்த ஊர்ல எத்தனை கிலோ பூ வந்துச்சுன்னு ஒரே பேப்பர்ல வருமா?"ன்னு கேட்டாரு. "செஞ்சிரலாம் சார்." மத்தியானச் சோத்தையும் மறந்துட்டு உக்காந்து செஞ்சான். அன்னைக்குப் பிடிச்ச சனி இன்னும் விடல. அதுக்கப்புறம் அவன் பில்லே போடல, ரிப்போர்ட்தான் போட்டான். பேரே ரிப்போர்ட் பொன்னுத்துரைன்னு ஆகிப்போச்சு.

கம்பெனி வளர வளர, பெரிய கம்பெனிகள்ல இருக்கிற மாதிரி ரிப்போர்ட்டுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் வாங்கினாங்க. அவனே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டான். அப்புறம் பிடிச்சுச்சு பாருங்க ரிப்போர்ட் பைத்தியம்! லாரி எங்க நிக்குதுன்னு ஒண்ணு. கேன்டீன்ல எத்தனை வடை மிச்சம்னு ஒண்ணு. முதலாளி பொண்ணு கல்யாணத்துல பந்திக்கு எத்தனை இலை விழுந்துச்சுன்னு ஒண்ணு. மாப்பிள்ளை தாலி கட்டுறப்ப எல்லாரும் அட்சதையும் கையுமா நிக்கிறாங்க, இவன் மட்டும் பந்தி வாசல்ல லேப்டாப்பும் கையுமா நிக்கிறான். எனக்கு வந்த கோவத்துக்கு, "ஏலே, உனக்கே வெக்கமா இல்லையா?"ன்னு கேட்டேன். "சார் கேட்டாருக்கா"ன்னு சொன்னான்.

இவனுக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துலயும் இதே கதைதான். தமிழ்நிலான்னு பொண்ணு. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா?"ன்னு கேட்டிருக்கு. "செஞ்சிரலாம்"னு சொல்லியிருக்கான். சபையே சிரிச்சிருக்கு. அந்தப் பொண்ணையே கட்டினான், இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கு. நல்லவேளை, அந்த வீட்டுல முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளாவது இருக்கு.

போன பொங்கலுக்கு முதலாளி ரூம்ல செவுரளவுக்கு ஒரு டிவி மாட்டினாங்க. எங்களுக்கு ஆறு கொள்முதல் சென்டர். சென்டருக்கு ஒரு வட்டம். இன்னைக்குச் சரக்கு வந்து கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னா வட்டம் பச்சை, ஏத்தலைன்னா சிவப்பு. முதலாளி கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாத்துட்டுச் சொன்னாரு: "நல்லாருக்குப்பா. ஆனா நியூஸ் சேனல்ல மூலையில லைவ்னு போட்டு ஒரு சிவப்புப் புள்ளி மினுக்குமே, அது வேணும்."

"செஞ்சிரலாம் சார்."

அது வெறும் படம். இன்டர்நெட்ல தேடி எடுத்து மூலையில ஒட்டினது. அதுக்கும் சரக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கரண்டு இருக்கிற வரைக்கும் மினுக்கும்.

இந்த இடத்துல ஒரு விசயம் சொல்லணும். பொன்னுத்துரை எனக்குச் சொன்னது, என் மரமண்டைக்கே ஏறுச்சுன்னா உங்களுக்கும் ஏறும். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அடியில மாடல்னு ஒண்ணு இருக்கும். தகவல் எல்லாம் அதுலதான் தங்கும். எப்படித் தங்குதுங்கிறதுக்குப் பேரு ஸ்டோரேஜ் மோட். இம்போர்ட்னா, எல்லாச் சென்டர் கணக்கும் போய்ச் சேர்ற மூலக் கம்ப்யூட்டர்லருந்து ஒரு நகல் எடுத்து வச்சுக்கிறது. சொல்லி வச்ச நேரத்துக்கு மறுபடியும் புது நகல் எடுக்கும், அதுக்குப் பேரு ரெஃப்ரெஷ். அதுவரைக்கும் பழசுதான், காலைல வச்ச குழம்பையே மத்தியானமும் ஊத்துற மாதிரி. டைரக்ட் கொயரின்னா நகலே கிடையாது. யாராவது திறந்து பாக்குறப்பல்லாம் நேரா மூலத்துலயே போய்க் கேட்டுட்டு வரும். ரெண்டு பக்கமும் போறதுக்குப் பேரு டூயல். "நம்ம மேனேஜர் ஆனந்த்ராஜ் மாதிரியா?"ன்னு கேட்டேன். பொன்னுத்துரை சிரிப்பை அடக்கிக்கிட்டான்.

பொங்கலுக்கு மாட்டினப்ப அந்த டிவி நெசமாவே டைரக்ட்தான். ஆனா முதலாளி, முதலாளி தம்பி, தம்பியோட மச்சான்னு அத்தனை பேரும் போன்லயும் அதையே திறந்து வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எல்லாரும் கேக்கக் கேக்க மூலக் கம்ப்யூட்டர் திணறிப் போச்சு. அகரம் சென்டர்ல விடியக்காலம் பூவை எடை போட்டா பில்லு வர பத்து நிமிசம் ஆச்சு. மல்லிகை காத்துக்கிட்டு இருக்குமா? விவசாயிங்க சண்டைக்கே வந்துட்டாங்க. அதனால மார்ச் மாசம் பொன்னுத்துரை அதை இம்போர்ட்டா மாத்தி, ஒரு நாளைக்கு எட்டு தடவை ரெஃப்ரெஷ் வச்சான். முதலாளிகிட்டயும் போய்ச் சொன்னான். "சரி சரி, புள்ளி இருக்குல்ல?"ன்னு கேட்டாரு. "இருக்கு சார்." அதோட அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு.

ஏப்ரல்ல ஒரு திங்கக்கிழமை நெட் போய் ரெஃப்ரெஷ் நின்னுருச்சு. நின்னுபோச்சுன்னு முதலாளி போனுக்கு ஒரு மெயில் வந்துச்சு. நேரம் காலை எட்டு. அவரு நெட்டைப் பாக்கல, காலண்டரைப் பாத்தாரு. திங்கள், ஏழரையிலருந்து ஒன்பது ராகுகாலம்.

"அதான் படுத்துருச்சு! ஏப்பா, ராகுகாலத்துல எவனாவது புதுசா ஒண்ணை எடுப்பானா? ராகுகாலம், எமகண்டம் ரெண்டும் படாம வச்சுரு."

"செஞ்சிரலாம் சார்."

நான் ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவ. எனக்கும் ராகுகாலத்துக்கும் ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பத்தரையிலருந்து பன்னெண்டு வரைக்கும் நானும் புதுசா எதையும் தொட மாட்டேன். இந்த ஊர்ல பொறந்து வளந்தா அந்தப் பயம் தன்னால வந்துருது. எங்க ஃபாதர்கிட்ட சொல்லிராதீங்க.

அந்த சாஃப்ட்வேர்ல கிழமைக்கு ஒரு நேரம் வைக்க வழி இல்லையாம். வச்சா எல்லாக் கிழமைக்கும் ஒரே நேரம்தான். பொன்னுத்துரை தினசரிக் காலண்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு கட்டம் போட்டான். எட்டு மணின்னா திங்கள் இடிக்குது. ஒன்பதரைன்னா சனி. பதினொண்ணுன்னா வெள்ளி. பன்னெண்டரை புதன், ரெண்டு மணி வியாழன், மூணரை செவ்வாய், அஞ்சு மணி ஞாயிறு. சரி, ஆறரைக்கே வச்சுருவோம்னா வியாழக்கிழமை எமகண்டம் குறுக்க வருது. ஆறு மணியிலருந்து பொழுது சாயுற வரைக்கும் ஏழு கிழமைக்கும் பொதுவா ஒரு நல்ல நிமிசம்கூட மிஞ்சல. "சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கட்டுமா சார்?"னு கேட்டான். "விளக்கு வச்ச பிறகு எதையும் வெளிய குடுக்கக் கூடாதுப்பா, இதுகூடத் தெரியாதா?" கடைசியில மிஞ்சினது காலை அஞ்சரை. முதலாளிக்கு ஏகச் சந்தோசம். "பிரம்ம முகூர்த்தம்! இது முதல்லயே தோணியிருக்கணும்"னாரு.

ஆக, அன்னைலருந்து அந்த செவுரு டிவி காலை அஞ்சரை மணியை நாள் பூராவும் காட்டுச்சு. மூலையில புள்ளி மட்டும் லைவா மினுக்கிக்கிட்டு இருந்துச்சு.

அஞ்சு சென்டருக்கு இதனால ஒரு பாதகமும் இல்ல. நாலு சென்டர்ல பூ. பூ இருட்டோட பறிச்சு, அஞ்சு மணிக்குள்ள எடை போட்டு முடிஞ்சிரும். ஆயக்குடிக் கொய்யாவை முந்தின நாள் பொழுதோட பறிச்சுக் கருக்கல்ல லாரி ஏத்திருவாங்க. அஞ்சும் பச்சை. சாணார்பட்டி ஒண்ணுதான் காய்கறி. கத்திரியும் தக்காளியும் வெளிச்சம் வந்தப்புறம்தான் பறிப்பாங்க, சென்டருக்கு வர ஏழு எட்டு ஆகும். அதனால சாணார்பட்டி சிவப்பு. என்னைக்கும் சிவப்பு, எந்நேரமும் சிவப்பு.

சாணார்பட்டி சென்டர்ல கம்ப்யூட்டர் பாக்குறது மாலதி. முப்பத்திரண்டு வயசு. புருசன் தென்னை மரத்துலருந்து விழுந்து இடுப்பு போய் ரெண்டு வருசமா படுக்கையில கிடக்கான். பள்ளிக்கூடம் போற புள்ளைங்க ரெண்டு. இந்த வேலைய விட்டா அந்த வீட்டுக்கு வேற போக்கு இல்ல.

முதலாளி ஒன்பதரைக்கு வந்து நாற்காலியில உக்காந்ததும் முதல்ல கண்ணுல படுறது அந்த சிவப்பு வட்டம்தான். "இந்தப் புள்ள சரக்கு வந்ததும் ஏத்துறதில்ல. நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு மறுநாள் சாவகாசமா ஏத்துது. மெமோ குடுங்க"ன்னாரு. அடிச்சேன். மே மாசம் ஒண்ணு, ஜூன்ல ஒண்ணு, ஜூலையில ஒண்ணு.

மூணு தடவையும் மாலதி எனக்குப் போன் பண்ணுச்சு. "அக்கா, எடை போட்ட கையோட ஏத்திர்றேன்க்கா. பில்லுல நேரம் இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புறேன், நீங்களே பாருங்க." அனுப்புச்சு. நான் ஆனந்த்ராஜ்கிட்டக் காட்டினேன். "நேரத்தைக் கம்ப்யூட்டர்ல மாத்தி வச்சுக்கலாம்மா. ஸ்கிரீன் லைவா காட்டுது. அது பொய் சொல்லுமா?"ன்னாரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. மாலதிகிட்ட, "கொஞ்சம் வெரசா ஏத்தும்மா"ன்னு சொன்னேன். பாவி மக, அப்படித்தான் சொன்னேன். அதுலருந்து அந்தப் புள்ள மூட்டையை எறக்கறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல கையை வச்சுக்கிட்டு நின்னிருக்கு. அங்கிருந்து தினமும் போன் போட்டு, "அக்கா, இன்னைக்கு என் சென்டர் என்ன கலர்?"னு கேக்கும். நான் எட்டிப் பாத்துட்டு, "சிவப்புதாம்மா"ன்னு சொல்லுவேன். "சரிக்கா"ன்னு போனை வச்சிரும்.

ஆகஸ்ட்ல கீர்த்தனா வந்துச்சு. ஆளா வரல, சென்னையிலருந்து வீடியோவுல. எங்க சரக்கை மொத்தமா வாங்குற கம்பெனி எங்க ரிப்போர்ட்டைச் சரிபாக்க அமர்த்தின பொண்ணு. முகத்துல சிரிப்பு, பேச்சுல கறார். "உங்க ரிப்போர்ட்ல எது லைவ், எது நகல்னு எங்களுக்குத் தெரியணும் சார். எத்தனை மாடல், ஒவ்வொண்ணும் என்ன மோட், கடைசியா எப்ப ரெஃப்ரெஷ் ஆச்சு, யாரு பொறுப்பு. நாலு கட்டம் போட்டு ஒரே ஷீட்டா இருந்தாப் போதும். இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிருங்க." முதலாளி பொன்னுத்துரையைப் பாத்தாரு. அவன் என்ன சொல்லியிருப்பான்னு நான் சொல்லணுமா?

வேடிக்கை என்னன்னா, அத்தனையும் இவன் பெத்த புள்ளைங்கதான். தணிக்கைக்கு வந்த அதிகாரியும் இவன், மாட்டிக்கிட்டவனும் இவன். மூணு வாரம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாத் திறந்தான். மொத்தம் நூத்தி நாப்பத்தி மூணு மாடல். அதுல பேருலயே லைவ்னு இருந்தது முப்பத்தெட்டு. நெசமாவே லைவா இருந்தது ரெண்டு. ஒண்ணு கேன்டீன் வடை. கேன்டீன் கம்ப்யூட்டர்ல மூடாமலே கிடந்து, கால்மணிக்கு ஒரு தடவை மூலக் கம்ப்யூட்டரை உசுப்பி, வடை எத்தனைன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. அதை ரெண்டு வருசமா ஒரு ஈ காக்காகூட எட்டிப் பாக்கல. இன்னொண்ணு மூடிப்போன ஒரு சென்டரோட வருகைப்பதிவு. ஆளே இல்லாத சென்டர்ல ஆளே வரலைன்னு துல்லியமாச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. கல்யாணப் பந்தி ரிப்போர்ட் இன்னமும் தினமும் ரெஃப்ரெஷ் ஆகுது. முதலாளி பேரன் நடக்கவே ஆரம்பிச்சுட்டான், இலைக் கணக்கு மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. 'எம்.டி. ஃபைனல்', 'எம்.டி. ஃபைனல் புதுசு', 'எம்.டி. ஃபைனல் புதுசு 2'ன்னு மூணு இருந்துச்சு. மூணுலயும் மூணு விதமா நம்பர். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொண்ணாச் சொல்லுவான், நான் சிரிச்சு சிரிச்சுப் புரையேறிக் கிடப்பேன். மாலதி விசயம் மட்டும் எங்க பேச்சுல வரவே இல்ல. மெமோ ரகசியம்னு நான் வெளிய மூச்சு விடுறதில்ல. ரெஃப்ரெஷ் நேரத்தை அவனும் சொல்லல, அதுல பேச என்ன இருக்குன்னு அவன் நெனச்சிருக்கான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் என் மேஜைக்கு வந்தான். "அக்கா, இந்த வருகை ரிப்போர்ட்டுக்குப் பொறுப்புன்னு உங்க பேரைப் போடட்டுமா?"ன்னு கேட்டான். அந்நேரம் என் கம்ப்யூட்டர்ல மாலதியை வேலையிலருந்து நிறுத்துற உத்தரவு திறந்திருந்துச்சு. மறுநாள் காலைல முதலாளி கையெழுத்துக்குப் போறது. மறைக்கப் போனேன், அதுக்குள்ள படிச்சுட்டான். 'லைவ் திரையில் சாணார்பட்டி மையம் தொடர்ந்து நான்கு மாதங்களாகச் சிவப்பு.'

"அக்கா, இது எம்பத்தேழாவது வரி"ன்னான்.

"எது?"

"ஷீட்டுல. செவுரு டிவி. இம்போர்ட். அஞ்சரைக்கு எடுத்த நகல். மாலதி எட்டு மணிக்கு ஏத்துனா அது அடுத்த நாள்தான்க்கா தெரியும். அந்தப் புள்ள என்ன செஞ்சாலும் சிவப்புதான் வரும்."

"அடப்பாவி! நாலு மாசமா இதை ஏண்டா சொல்லல?"

"மெமோ குடுத்தது எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

அவன் மேஜைக்கும் என் மேஜைக்கும் பதினஞ்சு அடி. பாதி அவன்கிட்ட இருந்துச்சு, பாதி என்கிட்ட இருந்துச்சு. நடுவுல ஒரு தண்ணி கேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அவன்மேல வந்ததா, என்மேல வந்ததான்னு தெரியல. "இப்பவே போய்ச் சொல்லு"ன்னேன். முதலாளி ஊர்ல இல்ல, காலைலதான் வருவாரு. ஆனந்த்ராஜ்கிட்டப் போனோம். அவரு கேட்டுட்டு, "நீ சொல்றதும் சரிதான், சார் சொல்றதும் சரிதான், சார்கிட்டயே பேசிக்கங்க"ன்னாரு. நான்தான் முன்னாடியே சொன்னேனே, டூயல்னு.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஒன்பதேகால்லருந்து பத்தேகால். கையெழுத்தெல்லாம் அதுக்குள்ளதான். முதலாளி வந்தப்பவே பத்து மணி. நான் மாலதி உத்தரவை ஃபைல் கட்டுக்கு அடியில சொருகினேன். எனக்குத் தெரிஞ்ச வீரம் அம்புட்டுதான். பொன்னுத்துரை லேப்டாப்பை அணைச்சுக்கிட்டு என் பின்னாடியே வந்தான். வந்தவன் வாயைத் திறக்கணுமா இல்லையா? எச்சி முழுங்கிக்கிட்டு நிக்கிறான். முதலாளி ஒவ்வொரு ஃபைலா கையெழுத்துப் போட்டுக்கிட்டே வராரு. நல்ல நேரம் தாண்டிருச்சு, அவரு கவனிக்கல. பத்து இருபத்தஞ்சுக்கு அடியில இருந்தது மேல வந்துருச்சு.

"சார், அந்த ஸ்கிரீன் லைவ் இல்ல சார்"னு ஒரு குரல் வந்துச்சு. யாரு பேசுறதுன்னு நானே திரும்பிப் பாத்தேன். பொன்னுத்துரைதான்.

முதலாளி தலையை நிமித்தல. "புள்ளி மினுக்குதே."

"அது படம் சார். அதுல தெரியிறது காலை அஞ்சரை மணி."

"சரிப்பா, அதை மத்தியானம் பேசுவோம். ராகுகாலம் வந்துரும், இதை முடிச்சுர்றேன்." பேனா மூடியைக் கழட்டினாரு.

"முடியாது சார்."

பதினெட்டு வருசத்துல அவன் வாயிலருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல. சொன்னதோட நிக்கல. லேப்டாப்பைத் திறந்து அந்த உத்தரவு மேலயே வச்சான், பேனா வர வேண்டிய இடத்துல. ரெஃப்ரெஷ்ஷை அழுத்திட்டான். செவுரு டிவியில ஒரு சின்னச் சக்கரம் சுத்த ஆரம்பிச்சுச்சு. ஒரு நிமிசம் ஆச்சு, ரெண்டு ஆச்சு. முதலாளி கடிகாரத்தைப் பாத்தாரு. பத்து முப்பத்தொண்ணு.

"ஏலே, நிறுத்துடா! ராகுகாலம்!"

"ஓடுறதை நடுவுல நிறுத்த முடியாது சார்."

சக்கரம் நின்னுச்சு. சாணார்பட்டி பச்சையா மாறிருச்சு. பக்கத்துல நேரம்: 7.52. அதுக்குக் கீழ பேரு: மாலதி.

முதலாளி பேனாவைக் கீழ வச்சாரு. "அப்ப இத்தனை நாள் நான் பாத்தது?"

"அஞ்சரை மணி சார்."

"வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் லைவ் லைவ்னு காட்டினேனேடா. அந்தப் புள்ளியை எவன் ஒட்டினது?"

"நான்தான் சார். நீங்க கேட்டீங்க, ஒட்டினேன். அஞ்சரைக்கு மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும் சார். சொல்லல. தப்பு என்மேலதான்."

முதலாளி அந்தப் பச்சை வட்டத்தைப் பாத்தாரு. சரி, மாலதியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லப் போறாருன்னு நான் நெனச்சேன். "அந்தப் புள்ள இருக்கட்டும், அந்தக் காகிதத்தை எடுத்துட்டுப் போங்கம்மா"ன்னாரு. ஒரு வருத்தம்? ஒரு சங்கடம்? ம்ஹூம். உடனே பொன்னுத்துரை பக்கம் திரும்பி, குரலை இறக்கி, பாசமா, "ஏப்பா, சென்னைக்கு அனுப்புற ஷீட்டுல இந்த ஒரு வரியை மட்டும் டைரக்ட்னு மாத்திரு. வாங்குறவன் பாத்தா அசிங்கம். செஞ்சிரலாம்ல?"னாரு.

"அனுப்பிட்டேன் சார்."

"எப்ப?"

"ஒன்பதேகாலுக்கு. நல்ல நேரம் பாத்துத்தான் சார் அனுப்பினேன்."

நான் சட்டுன்னு வெளிய வந்துட்டேன். இல்லைன்னா அங்கயே சிரிச்சு என் வேலையும் போயிருக்கும்.

செத்த நேரத்துல ஆனந்த்ராஜ் என் மேஜைக்கு வந்தாரு. "பொன்னுத்துரைக்கு ஒரு மெமோ அடிங்கம்மா. அனுமதி இல்லாம ரெஃப்ரெஷ் பண்ணினதுக்கு. ராகுகாலம்னு எழுதிராதீங்க, நல்லாருக்காது. பன்னெண்டு மணிக்கு மேல அடிச்சாப் போதும்"னு சொல்லிட்டுப் போனாரு. பொன்னுத்துரைக்கும் அது காதுல விழுந்துச்சு. எந்திரிச்சு வந்தான். அழுவானோன்னு பாத்தேன்.

"அக்கா, எனக்கு எப்ப வேணாலும் அடிங்க. மாலதி ஃபைல்ல மூணு மெமோ இருக்குல்ல? அதை ரத்து பண்ணி ஒரு லெட்டர் போகணும்ல? அது அந்தப் புள்ள ஃபைல்ல அப்படியே கிடந்தா நாளைக்கு வேற எவனாவது எடுத்துக் காட்டுவான்."

"அதை யாரும் சொல்லலையேப்பா."

சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு. மூணு மெமோவையும் யாரு சொல்லி அடிச்சேனோ அவரு சொன்னாத்தான் ரத்தா? அந்நேரம் பாத்து போன் அடிச்சுச்சு. மாலதி.

"அக்கா, இன்னைக்கு என் சென்டர் என்ன கலர்?"

"பச்சை"ன்னேன். "ஏழு அம்பத்திரண்டுக்கே பச்சை. நீ என்னைக்கும் பச்சைதாம்மா. நாங்கதான் பாக்கல." அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. போனை வச்சுட்டு பொன்னுத்துரையைப் பாத்தேன்.

"செஞ்சிரலாம்"னேன்.

மணி பதினொண்ணு. வெள்ளிக்கிழமை. பன்னெண்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. நான் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, மேல மாலதி பேரைப் போட்டு அடிக்க ஆரம்பிச்சேன்.